சொல், குரல், களம்: மாணவர் இசைக்காணொளியின் படப்பிடிப்புக்கு முந்தைய ஆயத்தம் – புதுக்கடைப் பகுதியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மாணவர் உருவாக்கும் இசைக்காணொளிகளின் நிறைகுறைகள் பெரும்பாலும் படப்பிடிப்பு நாளன்று தோன்றுவன அல்ல. அதற்கு முன்னரே சொல்லிலும் குரலிலும் களத்தேர்விலும் விளைந்தவை. இவ்வாயத்தத்தின் படிநிலைகளை இக்கட்டுரை விளக்குகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் புதுக்கடையும் அங்கு 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் நிகழ்ந்த துப்பாக்கிச் சூடும் விளக்கத்திற்குரிய எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன. சிலப்பதிகார அரங்கேற்று காதையும் தொல்காப்பியப் பொருளதிகாரமும் தரும் கருத்துகள் இன்றைய ஆயத்தப் பணிக்கு எவ்வாறு துணைசெய்கின்றன என்பதும் காட்டப்படுகிறது. பின்னர்த் திருத்த இயலாதவற்றை முன்னர் உறுதிசெய்தலே ஆயத்தத்தின் அடிப்படை நெறி என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: இசைக்காணொளி, முன்னாயத்தம், புதுக்கடை, அரங்கேற்று காதை, முதல் கரு உரி, பதிப்புரிமை, வட்டார வழக்கு.

1. முன்னுரை

கைப்பேசியிலேயே தரமான படக்கருவி அமைந்துவிட்ட இக்காலத்தில், ஊடகத்தமிழும் நாட்டார் வழக்காற்றியலும் பயிலும் மாணவர்க்குப் பாடலொன்றைக் காட்சியாக்குதல் எட்டாத செயலன்று. கருவி எளிதானதால் ஆயத்தமும் எளிதாயிற்று என்று கருதும் போக்கு உடன்வந்தது. பாடல் முற்றுப்பெறுமுன் களத்திற்குச் செல்லுதல், களத்தில் நின்றுகொண்டு காட்சியைச் சிந்தித்தல், உரிமையுடையாரிடம் இசைவு பெறாமல் வெளியிடுதல் ஆகியன அப்போக்கின் விளைவுகள்.

திரைப்படப் பாடலுக்கும் இசைக்காணொளிக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. திரைப்படத்தில் பாடலுக்கு முன்னும் பின்னும் கதை நிற்கிறது. பாடல் சொல்லாமல் விட்டதைக் கதை நிரப்பும். இசைக்காணொளியில் பாடலே முழுப்பனுவல். நான்கு மணித்துளிக்குள் இடம், காலம், மாந்தர், உணர்வு அனைத்தும் நிலைபெற வேண்டும். மேலும், ஒலி முதலில் முடிவுற்று, அதன் அளவுக்கேற்பக் காட்சி அமைகிறது. ஆகவே சொல்லில் நேர்ந்த பிழை ஒலியிலும், ஒலியில் நேர்ந்த பிழை காட்சியிலும் படிந்துவிடும். இவ்வரிசையை உணர்ந்து செய்வதே ஆயத்தம்.

2. அரங்கேற்று காதை உணர்த்தும் நெறி

நிகழ்த்துதலுக்கு முந்தைய ஆயத்தத்தை விரிவாகப் பதிவுசெய்த தமிழ்ப்பனுவல் சிலப்பதிகாரம். மாதவி ஐந்தாம் அகவையில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறுகிறாள். அவ்வரங்கேற்றத்தைச் சொல்லப் புகும் இளங்கோவடிகள் ஆடலை உடனே காட்டுவதில்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்போரின் தகுதிகளை முதலில் வரிசைப்படுத்துகிறார். அடுத்து அரங்கின் அளவுகளைக் கூறுகிறார். பொதியில் போன்ற மலையில் வளர்ந்த மூங்கிலில் கொண்ட, இருபத்துநான்கு விரல் அளவினதான கோலால் அரங்கு அளக்கப்படுகிறது. அகலம் 7 கோல், நீளம் 8 கோல், தரையிலிருந்து உயரம் 1 கோல். மேடைக்கும் மேலுள்ள உத்தரப் பலகைக்கும் இடையே 4 கோல். புகவும் வெளியேறவும் இரு வாயில்கள். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள்.

இப்பகுதியில் இருசெய்திகள் மாணவர் கருதத்தக்கன. முதலாவது, தூண்களின் நிழல் அரங்கின்மேல் விழாதவாறு விளக்கு வைக்கப்பட்டது என்பது. ஒளியமைப்பு ஆடுபவள் மேடையேறிய பின் சரிசெய்யப்படவில்லை. அரங்கு அமைக்கும்போதே எண்ணப்பட்டது. இரண்டாவது, இசையாசிரியன் கவியின் குறிப்பையும் ஆடலின் தொகுதியையும் உணர்ந்தவனாக இருத்தல் வேண்டும் என்பது. ஒவ்வொருவரும் தம் பணியோடு அடுத்தவர் பணியின் நோக்கையும் அறிந்திருத்தலையே காப்பியம் தகுதியாகக் கொள்கிறது. பாடலாசிரியர், இசையமைப்பாளர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் எனப் பிரிந்து இயங்கும் மாணவர் குழுவுக்கும் இத்தகுதியே வேண்டப்படுவது. படப்பிடிப்புக்கு முன் குழுவினர் அனைவரும் பாடலை ஓரிடத்தில் அமர்ந்து அடியடியாகப் படித்துப் பொருள்கொள்ளும் அமர்வு இதன்பொருட்டே இன்றியமையாததாகிறது.

3. புதுக்கடை: நிலமும் நிகழ்வும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், பழைய விளவங்கோடு வட்டத்தைச் சார்ந்த ஊர் புதுக்கடை. பன்னிரு சிவாலயங்களை ஓடிச்சென்று வழிபடும் சிவாலய ஓட்டத்தின் தொடக்க இடமாகிய முன்சிறைத் திருமலைக் கோயில் இதனை அடுத்துள்ளது. குழித்துறைத் தாமிரபரணி கடலொடு கலக்கும் தேங்காப்பட்டணப் பொழிமுகமும் அணித்தே உள்ளது. இன்று மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடு எனச் சுட்டும் வழக்கு உண்டெனினும், வரலாற்று நோக்கில் நாஞ்சில் நாடு என்பது தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களையே பெரிதும் குறிக்கும். நெல்வயல் மிகுந்த அந்நிலத்தின் காட்சிகளைத் தென்னையும் மேட்டு விளைகளும் மிகுந்த புதுக்கடைக்கு ஏற்றுவது களப்பிழையாகும்.

கல்வியோடு இப்பகுதிக்குள்ள தொடர்பு தொன்மையானது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் வெளியிட்ட 866ஆம் ஆண்டுச் செப்பேடு, அருகிலுள்ள பார்த்திபசேகரபுரத்தில் திருமால் கோயிலும், காந்தளூர்ச் சாலையின் முறைமையைப் பின்பற்றி 95 சட்டர் பயிலும் சாலையும் நிறுவப்பட்டதைத் தெரிவிக்கிறது. கோயில் அமைந்த நிலம் முன்சிறைச் சபைக்கு உரியது. மன்னன் வேறு நிலத்தை ஈடாக அளித்து அதனைப் பெற்ற பின்னரே கட்டுமானம் தொடங்கிற்று. நிலத்திற்கு உரியாரின் இசைவைப் பெற்றுப் பணி தொடங்கும் நெறி இவ்வட்டாரத்தின் பழம்பதிவிலேயே இடம்பெற்றிருப்பது எண்ணத்தக்கது.

தற்கால வரலாற்றில் புதுக்கடை நினைக்கப்படுவது 1954ஆம் ஆண்டு நிகழ்வால். திருவிதாங்கூர்–கொச்சி அரசின்கீழ் இருந்த தென்திருவிதாங்கூர்த் தமிழ்ப்பகுதிகள் தமிழ்நாட்டோடு இணைய வேண்டுமெனத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. நேசமணி அதன் முதன்மைத் தலைவர்களுள் ஒருவர். அவ்வாண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் விடுதலை நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டபோது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறையினர் துப்பாக்கியால் சுட்டதில் பலர் உயிரிழந்தனர். பட்டம் தாணுப்பிள்ளை தலைமையிலான பிரஜா சோஷலிஸ்டு அமைச்சரவை அப்போது ஆட்சியில் இருந்தது. அக்கட்சியின் பொதுச்செயலாளராயிருந்த ராம் மனோகர் லோகியாவே தம் கட்சி அமைச்சரவை பதவி விலகவேண்டும் என்றார். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டில் சேர்ந்தன.

இந்நிகழ்வைப் பாடலாக்க மாணவர் குழுவொன்று முற்படுகிறதெனக் கொண்டு, அதன் ஆயத்தம் எவ்வாறு அமையவேண்டும் என்பதைப் பின்வரும் பகுதிகள் விளக்குகின்றன. பொருள் அண்மைக்காலத்தது; உயிரிழந்தோரின் உறவினரும் நிகழ்வைச் சிறுவயதில் கண்டோரும் இவ்வட்டாரத்தில் வாழ்வர். ஆகவே இங்குப் பிழை என்பது கலைக்குறை மட்டுமன்று.

4. முதல் உறுதிநிலை: சொல்

ஒலிப்பதிவுக்குப் பின் ஒரு சொல்லை மாற்றுதல் மீண்டும் பாடுதலையும் மீண்டும் கலவை செய்தலையும் வேண்டும். காட்சி எடுத்த பின்னரோ வாயசைவு ஒத்துவராது. எனவே பாடலின் சொற்கள் மூவகைச் சரிபார்ப்புக்குப் பின்னரே முடிவுசெய்யப்பட வேண்டும்.

முதலாவது, செய்திச் சரிபார்ப்பு. 1954 துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தோர் எண்ணிக்கையை நூல்களும் நினைவுரைகளும் ஒன்றுபோல் தருவதில்லை. இசையின் சீருக்குப் பொருந்துகிறது என்பதற்காக ஓரெண்ணைப் பல்லவியில் வைத்துவிட்டால், கேட்போர் நெஞ்சில் அதுவே வரலாறாக நிலைபெறும். கட்டுரையில் எழுதிய எண்ணுக்கு அடிக்குறிப்பு இடலாம். பாடிய எண்ணுக்கு இடமுடியாது. ஐயத்திற்குரிய எண்ணைத் தவிர்த்து, நாளையும் இடத்தையும் பாடுதலே தக்கது. உயிரிழந்தோர் பெயர்களைப் பாடுவதாயின் பெயர் வடிவம், ஊர், இறந்த இடம் ஆகியவை குறைந்தது இரு தனித்தனிச் சான்றுகளால் உறுதிப்பட வேண்டும். 1954இல் பத்து வயதினராய் இருந்தோர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். அவர்தம் நினைவைப் பதிவுசெய்யும் பணியைப் பாடல் எழுதுவதற்கு முன்னரே முடிக்க வேண்டும். அப்பதிவு காணொளிக்குப் பயன்படாது போயினும் ஆவணமாக நிலைக்கும்.

இரண்டாவது, வழக்குச் சரிபார்ப்பு. மேற்குக் குமரியின் பேச்சுத்தமிழ் மலையாளத்தோடு அண்மையுறவு உடையது. பலாவைச் சக்கை என்பதும், மரவள்ளியை மரச்சீனி என்பதும், வயற்பரப்பை ஏலா என்பதும், மேட்டுத் தோட்ட நிலத்தை விளை என்பதும் இங்கு இயல்பான வழக்குகள். செப்பேடு சுட்டும் பார்த்திபசேகரபுர நிலத்தின் பழம்பெயரே உழக்குடிவிளை என்பதாகும். தமிழோடு இணையப் போராடிய மக்களின் பாடலில் அவர்தம் தமிழையே நகைப்புக்குரிய ஒலியாகப் பயன்படுத்துவது பொருளுக்கே முரண். வட்டார வழக்கை எழுதுவோர் அவ்வழக்கைப் பேசும் முதியோர் ஒருவரிடம் பாடலை வாய்விட்டுப் படிக்கச் செய்து, அவர் தயங்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுதல் எளிய, ஆனால் நம்பத்தக்க முறை.

மூன்றாவது, உணர்வுச் சரிபார்ப்பு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களையும், பெருமிதத்திற்குக் கல்வி, தறுகண், இசைமை, கொடை என நான்கையும் கூறுகிறது. உயிரிழப்பைப் பாடும் பாடல் இழவின்வழித் தோன்றும் அழுகையா, தறுகண்வழித் தோன்றும் பெருமிதமா, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதா என்பதை எழுதும்போதே தெளிய வேண்டும். அத்தெளிவு இல்லாதபோது துயரப் பல்லவியின்மேல் வீரநடைக் காட்சிகள் ஒட்டாமல் மிதக்கும்.

5. இரண்டாம் உறுதிநிலை: குரலும் உரிமையும்

சொல் உறுதியான பின் இசை. இங்குக் கலைத்தேர்வும் சட்டநிலையும் ஒருங்கே கருதப்பட வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பாடல்வரி, இசையமைப்பு, ஒலிப்பதிவு ஆகியவற்றை வெவ்வேறு ஆக்கங்களாகக் கொள்கிறது. நிகழ்த்துநர் உரிமையையும் தனியே ஏற்கிறது. ஒரு பாடலில் ஒருவரிடம் இசைவு பெற்றமை மற்றவரிடம் பெற்றதாகாது.

நாஞ்சில் நாட்டுக் கவிஞராகிய கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் பாடலைக் கொள்வது நல்ல எடுத்துக்காட்டு. அவர் மறைந்தது 1954 செப்டம்பர் 26ஆம் நாள்; புதுக்கடை நிகழ்வுக்கு ஆறு வாரங்களுக்குப் பின். எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி அறுபதாண்டு என்ற கணக்கில் அவர் ஆக்கங்களின் காப்புரிமைக் காலம் 2014 இறுதியோடு முடிந்தது. அவர்தம் வரிகளை எவரும் புதிய இசையமைத்துப் பாடலாம். ஆயின் அவ்வரிகளுக்குப் பிற்காலத்தவர் ஒருவர் அமைத்த மெட்டையோ, நிறுவனமொன்று வெளியிட்ட ஒலிப்பதிவையோ எடுத்தாள இவ்விதி இடந்தராது.

மாணவரிடையே பரவலான மற்றொரு மயக்கம், கல்விப் பணிக்காயின் எப்பாடலையும் பயன்படுத்தலாம் என்பது. கல்வி நிறுவனத்தின் செயற்பாட்டில் ஆசிரியரும் மாணவரும் இசைப்படைப்பை நிகழ்த்துவதற்குச் சட்டம் விலக்கு அளிப்பது உண்மையே. ஒலிப்பதிவையும் திரைப்படத்தையும் பொறுத்தவரை அவ்விலக்கு ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையோர் ஆகிய வரையறுத்த அவையினர்க்கே உரியது. உலகம் முழுதும் காணும் இணையவெளியில் பதிவேற்றுவது அவ்வரையறைக்குள் அடங்காது. வகுப்பறைக்கா, பொதுவெளிக்கா என்ற முடிவு படப்பிடிப்புக்கு முன்னரே தேவைப்படுவது இதனால்தான்.

வில்லுப்பாட்டு முதலிய நாட்டார் வடிவங்களைக் கையாளும்போது கூடுதல் கவனம் வேண்டும். குமரி மாவட்டக் கோயில் கொடை விழாக்களில் வில்லும் உடுக்கையும் குடமும் கட்டையும் சேர்ந்து ஒலிக்கும் இவ்வடிவத்தில் முதன்மைப் பாடகருக்குத் துணைநின்று பாடுவோரின் பங்கும் பெரிது. நாட்டார் பாடலுக்குத் தனியாசிரியர் இல்லாதிருக்கலாம். அதனைப் பாடித்தந்த கலைஞருக்குக் குரலும் பெயரும் ஊதியமும் உண்டு. கொடைவிழாவில் பதிவுசெய்த ஒலியை இசைவின்றித் துணுக்காக வெட்டிப் பின்னணியில் சேர்த்தல் முறையன்று. வழிபாட்டுச் சூழலில் மட்டுமே பாடத்தக்கன எனக் கலைஞர்கள் கருதும் பகுதிகள் உளவா என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

பெயர்ப்பட்டியலை முன்னரே எழுதி வைப்பதன் தேவையை அண்மைக்கால நிகழ்வொன்று உணர்த்துகிறது. 2021 மார்ச்சில் வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடல், பாட்டி வள்ளியம்மாளின் தேயிலைத் தோட்ட வாழ்வு நினைவுகளோடு தொடர்புடையதெனப் பாடகர் அறிவால் அறிமுகப்படுத்தப்பட்டு உலகெங்கும் பரவியது. அதன் ஆக்கத்தில் யார்க்கு எப்பங்கு என்பது 2022இல் பொதுவெளியில் விவாதமாயிற்று. தொழில்முறைக் கலைஞரிடையேயும் எழக்கூடிய இவ்வினா நண்பர்களாய் இணைந்த மாணவரிடையே எழாது என்று கொள்ளல் இயலாது. வரி, மெட்டு, குரல், பக்கவாத்தியம், களத்தகவல் தந்தோர் என ஒவ்வொரு பங்கையும் ஒரு பக்கத்தில் எழுதி அனைவரும் கையொப்பமிடுவதே நட்பையும் காக்கும்.

6. மூன்றாம் உறுதிநிலை: களமும் காலமும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பிய நெறி. இசைக்காணொளியின் களத்தேர்வுக்கு இதனினும் பொருத்தமான தொடக்கம் இல்லை. எந்நிலம், எப்பொழுது என்பவை தெளிந்த பின்னரே மரம், கருவி, உடை, உணவு முதலிய கருப்பொருள்கள் தெளிவுறும். இரண்டும் உரிப்பொருளுக்கு அடங்கி நிற்கும்.

நிலத்தைப் பொறுத்தவரை, பாடலின் பொருளும் படக்களமும் ஒன்றாக அமைவது தனிவலிமை தரும். 2017 சனவரியில் வெளியான ‘சென்னைப் புறம்போக்குப் பாட’லில் கபேர் வாசுகியின் வரிகளைக் கருநாடக இசையில் டி. எம். கிருஷ்ணா பாடினார், ரதீந்திரன் பிரசாத் இயக்கினார். எண்ணூர்க் கழிமுகத்தின் சீர்கேட்டைப் பேசும் அப்பாடலுக்கு எண்ணூரே களமாயிற்று. அரங்கில் பாடிப் பழகிய இசை, அனல்மின் நிலையத்தின் பின்னணியில் ஒலித்தபோது புறம்போக்கு என்ற சொல்லே வேறு பொருள் கொண்டது. களம் இங்குச் சான்றாகவும் நின்றது. புதுக்கடைப் பாடலுக்கும் புதுக்கடையே களமாவது இவ்வகையில் தக்கது. ஆயின் பேருந்துகளும் விளம்பரப் பலகைகளும் நிறைந்த இன்றைய சந்திப்பு 1954ஆகத் தோன்றாது.

இவ்விடத்தில் குழு இரண்டிலொன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஒன்று, நிகழ்வை நடித்துக்காட்டுதல். அவ்வாறாயின் மின்கம்பம், நெகிழிக்குடம், தமிழ்நாட்டு அரசுப் பலகை யாவும் படச்சட்டத்திலிருந்து விலக வேண்டும்; காவலர் உடை அன்றைய திருவிதாங்கூர்–கொச்சிக் காவல்துறைக்கு உரியதாக அமையவேண்டும்; துப்பாக்கி உருவங்களோடு தெருவில் நடிப்பதை உள்ளூர்க் காவல் நிலையத்திற்கு முன்கூட்டி எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மற்றொன்று, இன்றைய ஊரை இன்றைய ஊராகவே காட்டி, மாணவர் அங்கு நடந்து, கேட்டு, பாடுதல். செலவு குறைந்ததும் பிழைக்கு இடங்குறைந்ததும் இரண்டாவதே. அதிலும் முக்கியமாக, பிறர் இறப்பை அவர்தம் உறவினர் கண்முன் மீண்டும் நடித்துக்காட்டும் நிலை அதில் எழாது. இரண்டையும் பாதிபாதியாகக் கலந்து எடுப்பது இரண்டின் வலிமையையும் இழக்கச் செய்யும்.

பொழுதைப் பொறுத்தவரை, குமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு என இருபருவமழையையும் பெறுவது. நினைவுநாளாகிய ஆகஸ்டு 11 தென்மேற்குப் பருவக் காலத்தில் அமைகிறது. அந்நாளில் வெளியிடக் கருதும் குழு சூன், சூலை மாதங்களில் வெளிப்புறக் காட்சிகளை எடுக்க எண்ணினால் மழையும் கொந்தளிக்கும் கடலும் தடையாகும். சனவரி முதல் மார்ச்சு வரையான வறண்ட காலமே நல்லது. ஆயினும் மாசி மாதச் சிவாலய ஓட்டத்தின்போது முன்சிறைப் பகுதிச் சாலைகளில் மக்கள் பெருகுவர் என்பதையும் நாட்குறிப்பில் சேர்க்க வேண்டும். மாறாக, பாடலின் உணர்வே மழையை வேண்டுமாயின் அதற்கேற்பக் கருவிக் காப்பும் மாற்று நாளும் திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

களத்தை ஒருமுறை பார்த்து முடிவுசெய்தல் போதாது. எடுக்கக் கருதும் அதே நேரத்தில் சென்று ஒளியின் திசை, நிழல் விழும் இடம், ஒலிபெருக்கி, போக்குவரத்து ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். தென்னந்தோப்பில் நண்பகல் ஒளி முகத்தின்மேல் புள்ளிபுள்ளியாக விழும். அதே இடம் மாலையில் மென்மையாகத் தோன்றும். தூணின் நிழலைத் தவிர்க்க விளக்கை முன்னரே இடம்மாற்றிய அரங்கேற்று காதையின் கவனமே இங்கும் வேண்டுவது. வான்வழிக் காட்சிக்கு ட்ரோன் கருதுவோர், 2021ஆம் ஆண்டு விதிகள் வான்வெளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பகுத்திருப்பதால் தம் இடம் எப்பகுதியில் அமைகிறது என்பதை முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

7. காட்சித்தாளும் கணக்கும்

சொல், குரல், களம் மூன்றும் உறுதியான பின் எழுதப்படுவது காட்சித்தாள். இதில் ஐந்து நிரல்கள் போதும்: பாடல் அடி, தொடங்கும் முடியும் நொடி, காட்சி, இடமும் பொழுதும், தேவைப்படும் மாந்தரும் பொருளும். ஓவியத்திறன் இல்லாதோரும் கோட்டுருவங்களால் படச்சட்டங்களை வரைந்து சேர்க்கலாம்.

பாடலின் காலவளவைக் கணக்கிடல் காட்சித்தாளுக்கு அடிப்படை. நிமிடத்திற்கு 90 தட்டு செல்லும் பாடலில் ஒரு தட்டு ஏறத்தாழ 0.67 நொடி. நொடிக்கு 24 சட்டகம் பதிவாகும்போது ஒரு தட்டுக்குச் சரியாக 16 சட்டகங்கள் அமையும். நான்கு தட்டு கொண்ட ஓர் ஆவர்த்தம் 64 சட்டகம். காட்சி மாற்றங்களை இவ்வெல்லைகளில் நிறுத்தத் திட்டமிட்டால் படத்தொகுப்பு தாளத்தோடு இயையும்.

நாட்கணக்கும் இவ்வாறே. நான்கு மணித்துளிப் பாடல் 240 நொடி. ஒரு ஷாட் சராசரியாக 4 நொடி எனின் 60 ஷாட்டுகள் வேண்டும். பத்து மணி நேர வேலைநாளில் உணவுக்கும் தொடக்க ஏற்பாட்டிற்கும் இரண்டு மணி நேரம் போக, எஞ்சுவது 480 மணித்துளி. ஒரு ஷாட்டுக்கு 16 மணித்துளி எனக் கொண்டால் ஒருநாளில் 30 ஷாட்டுகளே இயலும். எனவே ஒருநாளில் முடித்துவிடலாம் என்ற கருத்து கணக்கிலேயே நிற்பதில்லை. இரண்டு நாள் திரட்ட முடியாத குழு, களத்தில் அவசரப்படுவதை விட்டு, நீண்ட ஷாட்டுகளைக் கொண்டு காட்சித்தாளையே மாற்றி எழுத வேண்டும்.

வாயசைவுக் காட்சிக்கு இறுதி ஒலிக்கலவை களத்தில் இருத்தல் வேண்டும்; மாதிரிப் பதிவை ஒலிக்கவிட்டு எடுத்தபின் இறுதிப்பதிவின் வேகம் சற்றே மாறினும் உதடு ஒத்துவராது. மெதுவியக்கத்தில் வாயசைவு வேண்டின், நொடிக்கு 48 சட்டகத்தில் எடுக்கும்போது பாடலை இருமடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டுப் பாடகர் அதற்கேற்பப் பாடவேண்டும்; 24 சட்டகத்தில் காட்டும்போது வாயசைவு இயல்பான பாடலோடு பொருந்தும். இது களத்தில் முதன்முறை முயலத்தக்கதன்று. முன்னரே கல்லூரி வளாகத்தில் கைப்பேசியால் ஒத்திகை எடுத்துப் பார்க்க வேண்டும். முழுப்பாடலையும் அவ்வாறு எளிய முறையில் எடுத்துத் தொகுத்துப் பார்ப்பின், எந்த அடிக்குக் காட்சி போதவில்லை என்பது செலவின்றியே விளங்கும்.

8. மாந்தரும் இசைவும்

களத்தில் தோன்றுவோர், களத்திற்கு உரியோர், களத்தில் வாழ்வோர் என மூவகையினரிடம் இசைவு பெறுதல் ஆயத்தத்தின் பகுதி. நடிக்கும் மாணவர் பதினெட்டு வயது நிரம்பாதவராயின் பெற்றோர் கையொப்பம் வேண்டும். தனியார் தோப்பு, கடை முகப்பு, வழிபாட்டிடம் ஆகியவற்றுக்கு உரியாரிடமும், பொது இடத்திற்கு உள்ளாட்சி அலுவலகத்திலும் எழுத்துவழி இசைவு பெறவேண்டும். கல்லூரித் துறைத்தலைவரின் கடிதம் இவ்விடங்களிலெல்லாம் முதற்சான்றாக உதவும்.

மூன்றாம் வகையினரே பெரிதும் மறக்கப்படுவோர். உயிரிழந்தோரின் உறவினரிடம் படம் முடிந்தபின் காட்டிப் பாராட்டுப் பெறுதல் வழக்கமாக எண்ணப்படுகிறது. அந்நிலையில் அவர் மறுத்தாலும் மாற்ற இயலாது. பாடல் வரிகள் தாளில் இருக்கும்போதே அவரிடம் படித்துக்காட்டுதல் அவருக்கு மறுக்கும் வாய்ப்பை உண்மையாகவே அளிப்பதாகும். அவர் சொல்லும் ஒரு திருத்தம் பாடலின் ஓரடியை மாற்றலாம். ஒரு முழுச்சரணம் விலகவும் நேரலாம். அதற்கு இடந்தரும் கால இடைவெளி திட்டத்திலேயே இருக்கவேண்டும்.

செலவுத்திட்டம் கருவி வாடகை, பயணம், உணவு, கலைஞர் ஊதியம், ஒலிப்பதிவுக்கூடம் ஆகிய தலைப்புகளில் எழுதப்பட்டு, எதிர்பாராச் செலவுக்கெனப் பத்தில் ஒருபங்கு ஒதுக்கப்படுவது நல்லது. உடன்பயில்வோர் ஊதியமின்றி உழைப்பர். வில்லிசைக் கலைஞரையும் அவ்வாறே எதிர்பார்த்தல் கூடாது.

9. தொகுப்புரை

மாணவர் இசைக்காணொளியின் ஆயத்தம் என்பது மாற்றுவதற்கு அரியவற்றை மாற்றக்கூடிய நிலையிலேயே கண்டு தெளிதல். சொல் உறுதியாகாமல் குரலைப் பதிவுசெய்யாமையும், குரலும் உரிமையும் உறுதியாகாமல் களத்திற்குச் செல்லாமையும், களமும் பொழுதும் உறுதியாகாமல் காட்சித்தாள் எழுதாமையும் அதன் ஒழுங்குகள். அரங்கேற்று காதை மேடைக்கும் விளக்குக்கும் ஆசிரியர்க்கும் அளித்த இடம், தமிழ்க் கலைமரபு ஆயத்தத்தைக் கலையின் உறுப்பாகவே கருதியதைக் காட்டுகிறது. முதல், கரு, உரி என்ற பகுப்பும் மெய்ப்பாட்டு நிலைக்களன்களும் இலக்கியத் திறனாய்வுக்கு மட்டுமன்றிக் காட்சி ஆக்கத்திற்கும் பயிற்சிக் கருவிகளாக உதவும்.

புதுக்கடை போன்ற ஊரைப் பாடுபொருளாகக் கொள்ளும்போது இவ்வொழுங்கு நேர்மையின் தேவையாகவும் ஆகிறது. அங்கு இறந்தோர் தமிழின் பெயரால் திரண்டவர்கள். அவர்தம் எண்ணிக்கையை ஆராயாமல் பாடுவதும், அவர்தம் பேச்சைத் திரித்துப் பாடுவதும், அவர்தம் உறவினர் அறியாமல் பாடுவதும் தாளில் திருத்தத்தக்க பிழைகள். தமிழ்த்துறை மாணவர் அப்பிழைகளைக் காணும் பயிற்சி பெற்றவர்கள். மூலத்தை ஒப்பிடல், வழக்கை அறிதல், உரை காணல் ஆகியன அவர்தம் அன்றாடக் கல்வி. படக்கருவியை இயக்குவதில் பிறதுறை மாணவர் முந்தலாம். அதனை இயக்குவதற்கு முந்தைய இப்பணியில் தமிழ்த்துறையின் பயிற்சியே நேரடியாகப் பயன்படும்.